உகந்தமலை முருகனைத் தரிசிக்க: மட்டக்களப்பிலிருந்து வள்ளியம்மன் உச்சி வரை முழுமையான வழிகாட்டி

இலங்கையின் கிழக்குக் கரையில், பாணமை என்ற கடைசி ஊருக்கு அப்பால் காட்டோரம் உள்ள முருகன் தலமான உகந்தமலைக்கு (உகந்தை என்றும் சொல்வோம்) பல ஆண்டுகளாக உறவினரையும் அயலவரையும் வான் பிடித்து அழைத்துச் சென்று வருகிறேன். புதிதாக வருகின்றவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுமாறுகின்றனர். மலை உயரமானதன்று, வழியும் குழப்பமானதன்று. ஆயினும் வெயில், தண்ணீர், யானை ஆகிய மூன்றையும் கணக்கில் எடுக்காமல் புறப்படுகிறவர்கள் களைத்து, தரிசனத்தை அரைகுறையாக முடித்துக்கொண்டு, இருட்டில் காட்டுப்பாதையில் திரும்புகின்றனர். எந்த வேலையை எதற்கு முன் செய்வது, ஏன் அப்படிச் செய்வது என்பதையே இங்கு வரிசையாக எழுதுகிறேன். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலிருந்து குடும்பமாகச் சென்று ஒரே நாளில் திரும்புவோரை மனத்தில் வைத்து எழுதியது இது. திருவிழாக் காலத்தில் தங்குவோருக்கும், அங்கிருந்து கதிர்காமத்துக்கு நடக்க எண்ணுவோருக்கும் வேண்டியவை பிற்பகுதியில் உள்ளன.

1. முதலில் காலத்தை முடிவுசெய்யுங்கள்

நாளைக் குறிப்பதற்கு முன், திருவிழாவுக்குப் போகிறீர்களா, சாதாரண நாளில் போகிறீர்களா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வெவ்வேறு பயணங்கள். கொண்டுபோகும் பொருட்களும் புறப்படும் நேரமும் இதைப் பொறுத்தே மாறும்.

உகந்தமலையின் ஆண்டுத் திருவிழாவும் கதிர்காமத் திருவிழாவும் ஒரே காலத்தில் நடைபெறுகின்றன. கொடியேற்றம் சில ஆண்டுகளில் ஜூன் பிற்பகுதியிலும் சில ஆண்டுகளில் ஜூலையிலும் வரும். இரண்டு வாரங்களுக்குச் சற்று அதிகமாக நீடிக்கும் திருவிழா கடலில் ஆடும் தீர்த்தத்துடன் நிறைவுபெறுகிறது. அந்நாட்களில் அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் கடைகளும் இருக்கும். வழியிலும் ஆட்கள் நடமாட்டம் இருக்கும். கூட்டமும் அதற்கேற்றபடி இருக்கும்.

சாதாரண நாளில் அமைதியான தரிசனம் கிடைக்கும். ஆனால் தண்ணீர் முதல் கற்பூரம் வரை அனைத்தையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். திருவிழாவுக்கு ஒருமுறை போய்வந்தவர்கள் அந்த நினைவிலேயே மார்கழியிலோ மாசியிலோ வெறுங்கையுடன் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கு வந்த பின்னர் தேங்காய் வாங்கப் பாணமைக்குத் திரும்பி ஓடுவதென்றால் போக வர 30 கிலோமீற்றர்.

கார்த்திகை முதல் தை வரையான மாரிமழைக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. அப்போது பாணமைக்கு அப்பாலுள்ள பாதை சேறாகும், ஓடைகள் பெருகும், மலைப்பாறையில் பாசி படர்ந்து கால் வழுக்கும். மாசி, பங்குனி மாதங்கள் குழந்தைகளுடன் செல்ல ஏற்றவை: மழை விட்டிருக்கும், கச்சான் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. ஆனி, ஆடியில் அந்தக் காற்று அனலாக வீசும். அந்நாட்களில் போவதாயின், கீழே தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருப்பதை இருமுறை படியுங்கள்.

2. யார் யார் வருகின்றனர் என்று எழுதிக்கொள்ளுங்கள்

வானில் எத்தனை இருக்கை என்று எண்ணுவதற்கு முன், வருகிறவர்களில் யாரால் மலை ஏற முடியும், யார் அடிவாரத்தில் இருக்கப்போகின்றனர், அவர்களுடன் யார் துணைக்கு இருப்பது என்று பெயர் குறித்து முடிவுசெய்யுங்கள். இதை வீட்டிலேயே பேசித் தீர்க்காவிட்டால், மலையடியில் நின்று “நீ இரு, நான் இருக்கிறேன்” என்று பேசுவதிலேயே அரை மணித்தியாலம் போய்விடும். அதற்குள் பாறை சூடேறிவிடும்.

சீனி வருத்தம் உள்ளவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர்களுட் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடான பாறையில் வெறுங்காலுடன் நடந்து கொப்பளம் எழும்பினாலும் உடனே தெரியாது. வீட்டுக்கு வந்த பின்னரே புண்ணைக் காண்பார்கள். எங்கள் குழுவில் வந்த ஓர் அம்மாவுக்கு அவ்வாறு ஏற்பட்ட காயம் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் சென்றது. அன்று பதினொரு மணிக்கு அவரை ஏறவிட்டது என் தவறு. அதன்பின் எட்டரை மணிக்குப் பிந்தி அப்படிப்பட்டவர்களை நான் மலையில் ஏறவிடுவதில்லை.

துடக்கு உள்ள வீடுகளைச் சேர்ந்தவர்கள் நாளை ஒத்திவைப்பதும், புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே மச்சம் மாமிசம் தவிர்ப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அது என்ன நேர்த்தி, அதற்கு என்ன பொருள் வேண்டும், குருக்களின் உதவி தேவையா என்பவற்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். காவடி, கற்பூரச்சட்டி போன்றவற்றுக்கு ஆயத்தம் தேவைப்படும். வந்திறங்கிய பிறகு கேட்டால் நடக்காது. திருவிழா அல்லாத நாளாயின் பூசை நேரத்தையும், குருக்கள் அன்று இருப்பாரா என்பதையும் கோயிலோடு தொடர்புள்ளவர்களிடம் முன்கூட்டியே விசாரித்து உறுதிசெய்யுங்கள். தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்தில் உறவினர் இருந்தால் அவர்கள் மூலம் கேட்பதே சுலபமான வழி.

3. வாகனமும் சாரதியும்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை சுமார் 110 கிலோமீற்றர், நல்ல வீதி. பொத்துவிலிலிருந்து அறுகம்குடா ஊடாகப் பாணமை வரையிலும் சிரமமில்லை. பாணமையிலிருந்து உகந்தை வரையான சுமார் 15 கிலோமீற்றர் காட்டுவழிதான் வாகனத்தைச் சோதிக்கும். கோடையில் சாதாரண வானும் முச்சக்கர வண்டியும் மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் உயரமான வாகனம் வேண்டும். அடிப்பாகம் தாழ்ந்த காரைக் கொண்டுபோக வேண்டாம்.

வாகனத்தைப் பேசும்போதே, உகந்தை வரை வருவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். “பொத்துவில் பயணம்” என்று பேசிக்கொண்டு வந்த சாரதி, பாணமையில் பாதையைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று நின்றதும் உண்டு. முன்பு அந்த வழியில் ஓடிய சாரதி கிடைத்தால் கூலி சற்றுக் கூடினாலும் அவரையே பிடியுங்கள். யானையைக் கண்டால் பதறாத கை அது. மேலதிக ரயரில் காற்று இருக்கிறதா, ஜக் இருக்கிறதா என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். காட்டுவழியில் ரயர் பஞ்சரானால் உதவிக்கு ஆள் வர வெகுநேரம் செல்லும்.

பஸ்ஸில் செல்வோர் பொத்துவிலில் இறங்கிப் பாணமை பஸ்ஸைப் பிடிக்கலாம். அதற்கப்பால் திருவிழாக் காலத்துக்கென விசேட பஸ்கள் விடப்படும். மற்ற நாட்களில் பொத்துவிலிலோ அறுகம்குடாவிலோ முச்சக்கர வண்டி பேசிக்கொள்ள வேண்டும். காத்திருந்து திரும்பக் கூட்டிவருவதற்கும் சேர்த்தே கூலி பேசுங்கள். உங்களை இறக்கிவிட்டு வண்டி போய்விட்டால், அங்கிருந்து வேறு வண்டியைக் கூப்பிடுவது கடினம். பாணமையைத் தாண்டியதும் கைத்தொலைபேசித் தொடர்பு மிகவும் குறைந்துவிடுகிறது.

4. எடுத்துச் செல்ல வேண்டியவை

தண்ணீரே முதலாவது. சாதாரண நாளில் ஆளுக்கு 4 லீற்றர் என்று நான் கணக்குப் பார்ப்பேன். ஆனி, ஆடி வெயிலில் 5 லீற்றர். இது குடிப்பதற்கு மட்டும். பெரிய கேன்களில் கொண்டுபோய், மலை ஏறும்போது சிறு போத்தல்களில் பிரித்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் சிறு போத்தல்களாகவே வாங்கினால், வெறும் போத்தல்கள் மலையிலும் காட்டிலும் சேரும். ஜீவனிப் பக்கற்றுகள் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள்; வெயிலில் மயங்குகிறவருக்கு வெறும் தண்ணீரைவிட அது விரைவில் தெம்பு தரும்.

பூசைப் பொருட்கள்: தேங்காய், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேசிக்காய், கற்பூரம், சாம்பிராணி, பூ, திருநீறு, எண்ணெய், திரி, தீப்பெட்டி. இவற்றை அடிவாரத்துக்கு ஒன்று, மலையுச்சிக்கு ஒன்று என இரண்டு பைகளாக வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். ஒரே பையில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அடிவாரத்திலேயே எல்லாவற்றையும் பயன்படுத்திவிட்டு, வள்ளியம்மனிடம் கற்பூரம் ஏற்றவும் ஒன்றுமின்றி நிற்பார்கள். நான் கண்ட தவறுகளில் மிகச் சாதாரணமானதும், மிக எளிதில் தவிர்க்கக்கூடியதும் இதுவே. பைகள் துணிப்பையாகவோ பன்பையாகவோ இருக்கட்டும். பொலித்தீன் பையின் சரசரப்பைக் கேட்டாலே குரங்குகள் நெருங்கும்.

உணவுக்குக் கட்டுச்சோறு நல்லது. புளிச்சோறு வெப்பத்திலும் பழுதாகாது. தேங்காய்ப்பால் சேர்த்த எதையும் பத்து மணிக்கு மேல் நம்ப வேண்டாம். அவலும் சர்க்கரையும் ஒருபக்கம் இருக்கட்டும்.

தேசிய அடையாள அட்டை, வழக்கமாக எடுக்கும் மருந்துகள், காயத்துக்குக் கட்டுத்துணி, ஒரு ரோச் லைற், மாற்றுடை, தலையை மூட ஒரு துவாய், பழைய பருத்திக் காலுறை ஒரு சோடி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலுறை எதற்கென்று கேட்பார்கள். மலையிலிருந்து இறங்கப் பிந்திவிட்டால், வயதானவர்களின் பாதத்தை அதுதான் காக்கும்.

5. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

புறப்படும் நேரத்தை நினைத்தபடி வைத்துக்கொள்ளக் கூடாது; மலையில் ஏற வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பாறை காலைப் பொசுக்கத் தொடங்குமுன் ஏறி இறங்குவதாயின், எட்டரை மணிக்கு அடிவாரத்திலிருந்து புறப்பட வேண்டும். அதற்குமுன் குளிக்கவும் கீழே வழிபடவும் ஒன்றரை மணித்தியாலம் தேவை. ஆகவே ஏழு மணிக்கு உகந்தையில் நிற்க வேண்டும். பாணமையிலிருந்து முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை செல்லும்; எனவே ஆறு மணிக்குப் பாணமை. அங்கிருந்து பின்னோக்கிப் பார்த்தால், மட்டக்களப்பிலிருந்து அதிகாலை இரண்டரைக்குப் புறப்பட வேண்டிவரும். கல்முனைக்காரர் மூன்றரைக்கும், அக்கரைப்பற்றுக்காரர் நான்கு மணிக்கும் புறப்பட்டால் போதும்.

இன்னும் முந்திப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இருள் விலகுமுன் பாணமையைத் தாண்டக் கூடாது என்பதே அதற்கு விடை. யானைகள் இரவில் பாதையைக் கடந்து தண்ணீருக்குப் போகும். விடியும்வேளையில் பாதையோரத்திலேயே நிற்கும். வெளிச்சம் நன்றாக வரும்வரை பாணமையில் தரித்திருங்கள்.

இரண்டரைக்கு எழும்ப முடியாத குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால், முதல்நாள் பிற்பகல் புறப்பட்டுப் பொத்துவிலில் தங்கி, விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்புவது இதைவிட நல்லது. செலவு கூடும்; ஆனால் சாரதியும் தூங்கி எழுந்திருப்பார். ஆறு பேருக்கு மேற்பட்ட குழுவாயின் இந்த முறையையே நான் விரும்புவேன்.

அம்பாறை நகரிலிருந்து வருகிறவர்கள் அக்கரைப்பற்றுக்கு வந்து கரையோர வீதியைப் பிடிப்பது நல்லது. சியம்பலாண்டுவ ஊடாக வரும் வழி லகுகலைக் காட்டைக் கடக்கிறது. அங்கும் அதிகாலையில் யானை நடமாட்டம் உண்டு.

6. வழியில் எங்கு நிற்பது, எங்கு நிற்கக் கூடாது

திருக்கோவிலில் இறங்கிச் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டுப் போக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். போகும்போது வீதியில் நின்று கைகூப்பிவிட்டு, திரும்பும்போது இறங்கி ஆறுதலாகத் தரிசியுங்கள். போகும் வழியில் இறங்கினால் குறைந்தது முக்கால் மணித்தியாலம் கழியும். அந்த முக்கால் மணித்தியாலம் மலையில் வெயிலாக வந்து சேரும்.

பொத்துவிலில் கட்டாயம் நில்லுங்கள். எரிபொருளை நிரப்பிக்கொள்வதும், குறைந்த பொருட்களை வாங்குவதும், எல்லோரும் கழிப்பறைக்குப் போய்வருவதும் அங்கேயே முடிய வேண்டும். இந்த வழியில் அவசரத்துக்கு நம்பத்தக்க பெரிய வைத்தியசாலையும் பொத்துவில் ஆதார வைத்தியசாலைதான். அது எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பதைச் சாரதிக்குக் காட்டிவையுங்கள். 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உகந்தையிலிருந்து அழைப்பதற்குத் தொடர்பு கிடைக்கும் இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

பாணமை கடைசி ஊர். யாத்திரிகர்கள் வழமையாகத் தங்கிச் செல்லும் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அழைப்பெடுத்து, “இனித் தொடர்பு கிடைக்காது, பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு பேசுகிறோம்” என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் போனதால், வீட்டில் பயந்துபோய் உறவினரை வண்டி பிடித்துத் தேட அனுப்பிய சம்பவமும் நடந்திருக்கிறது.

7. பாணமைக்கு அப்பால் காட்டுவழி

இந்தப் பதினைந்து கிலோமீற்றரில் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சாரதிக்கு மட்டுமன்றி வானில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லுங்கள். தவறு பெரும்பாலும் பின்னிருக்கையிலிருந்துதான் வரும்.

யானை தென்பட்டால் தூரத்திலேயே வாகனத்தை நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், விளக்கை மின்னவிடாதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள். அது பாதையைக் கடந்து காட்டுக்குள் இறங்கும்வரை பொறுத்திருங்கள். கூட்டம் கடக்கும்போது இடைவெளி தெரிந்தாலும் நடுவே புகக் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் இடையில் வாகனம் வந்துவிட்டால் தாய் பொறுக்காது. தனியே நிற்கும் ஆண் யானையிடம் இன்னும் அதிக தூரம் வையுங்கள். அது வாகனத்தை நோக்கி வந்தால் மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். இதற்காகவே உங்கள் வாகனத்தை இன்னொரு வாகனத்தின் வாலோடு ஒட்டி ஓட்டக் கூடாது.

வாழைப்பழமோ சோறோ எறியாதீர்கள். பிள்ளையாருக்குக் கொடுப்பதாக நினைத்துச் செய்கிறவர்கள் உண்டு. பக்தியில் செய்தாலும் அதனால் கெடுதியே விளையும். வாகனம் வந்தால் உணவு வரும் என்று பழகிய யானை, அடுத்த வாகனத்தை மறிக்கும். அடுத்து வருவது கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்களான சாமிமாராகவும் இருக்கலாம்.

வழியில் தெரியும் குளங்களிலும் களப்புகளிலும் கை கால் கழுவ இறங்காதீர்கள். அவற்றில் முதலை உண்டு. குடும்பிகலை என்ற பௌத்த வனத் துறவியர் மடத்துக்குப் பிரியும் பாதையில் ஏறிப் பார்த்துவருவோம் என்று யாராவது சொன்னால், திரும்பும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

8. உகந்தையில் இறங்கியதும்

கோயிலும் குமண தேசிய பூங்காவின் நுழைவாயிலும் அருகருகே உள்ளன. கோயிலுக்கு வருகிறவர்கள் பூங்கா நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. பூங்காவுக்குள் போய்ப் பார்க்க விரும்பினால் அதைத் தனிப் பயணமாக வையுங்கள். இரண்டையும் ஒரே காலைக்குள் அடைக்க முயன்றவர்கள் இரண்டிலும் நிறைவு காணவில்லை.

வாகனத்தைக் கெட்டியான தரையில் நிறுத்துங்கள். நிழலைத் தேடிக் கடற்கரைப் பக்கத்து மணலில் விட்டால் சில்லுப் புதைந்துவிடும். ஒருமுறை எங்கள் வான் அப்படிப் புதைந்து, எடுத்து முடிக்க இரண்டரை மணித்தியாலம் சென்றது. பொழுது சாய்ந்துவிட்டதால் அன்றிரவு கோயில் வளவிலேயே தங்க நேர்ந்தது. வாகனக் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிடுங்கள். சிறு இடைவெளி போதும், குரங்கு உள்ளே இறங்கிக் கட்டுச்சோற்றை அவிழ்த்துவிடும்.

அடுத்தது குளிப்பு. ஊரில் குளித்துவிட்டுத்தானே வந்தோம் என்று விட்டுவிடாதீர்கள். நான்கு மணித்தியாலப் பயணப் புழுதியைக் கழுவி, உலர்ந்த உடையுடன் சந்நிதிக்குப் போவது முறை. உடம்புக்கும் அது குளிர்ச்சி. குளிப்பதற்கென உள்ள இடத்திலேயே குளியுங்கள். கடலில் நீராட விரும்புவோர் கணுக்கால் நனைய நின்று தலையில் நீர் தெளித்துக்கொள்ளலாம். உள்ளே இறங்க வேண்டாம். வெளிநாட்டவர்கள் அலைச்சறுக்கலுக்குத் தேடிவரும் அளவுக்கு அலை புரளும் கரை அது. தீர்த்தத் திருவிழாவன்று எல்லோரும் இறங்குகின்றார்களே என்று நினைக்கக் கூடாது. அன்று பாதுகாப்புக்கு ஆட்கள் நிற்பார்கள், மற்ற நாட்களில் யாருமில்லை.

9. அடிவார வழிபாடு

பிள்ளையாரை முதலில் வணங்கி, பின்னர் முருகன் சந்நிதிக்கு வாருங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றி வேட்டியுடன் நிற்க வேண்டும். பெண்களுக்குச் சேலையோ பாவாடை தாவணியோ பொருத்தம். மலை ஏற வசதி என்று காற்சட்டையுடன் வருகின்ற இளைஞர்கள் பைக்குள் ஒரு வேட்டியை வைத்துக்கொள்ளட்டும்.

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இருபது பேர் ஆளாளுக்கு வாயால் சொன்னால் நேரமும் போகும், பெயரும் தவறும். நேர்த்திக்கடன்களை இப்போதே முடித்துவிடுங்கள். மேலே போய்க் களைத்து இறங்கிய பின் செய்வோம் என்று தள்ளிவைத்தவர்கள் அவசரத்தில் நிறைவேற்றுவதைக் காண வருத்தமாக இருக்கும்.

10. மலையேற்றமும் வள்ளியம்மன் தரிசனமும்

எட்டரை மணியாகிவிட்டதா என்று பாருங்கள். ஒன்பதரையைத் தாண்டியிருந்தால் குழந்தைகளையும் முதியவர்களையும் கீழே நிழலில் விட்டுவிட்டு ஏனையோர் மட்டும் ஏறுங்கள். நண்பகலில் யாரும் ஏறக் கூடாது. அப்படிப் பிந்தியவர்கள் பிற்பகல் ஏறலாமே என்று கேட்பார்கள். காலை முதல் வெயில் குடித்த கருங்கல் மூன்று மணிக்கும் ஆறியிருக்காது, நான்கு மணிக்கு ஏறினால் திரும்பும் வழியில் இருட்டிவிடும். தங்குகிறவர்களுக்கு மட்டுமே மாலை ஏற்றம் சரிவரும்.

ஏறுவதற்கு முன் எல்லோரும் ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுத்த பிறகு குடிப்பதைவிட இது நல்லது. பழக்கமான ஒருவர் முன்னால் போக, இன்னொருவர் கடைசியில் வர, மற்றவர்கள் இடையில் நடக்க வேண்டும். வேட்டியையும் சேலையையும் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். இரு கைகளும் வெறுமையாக இருக்கட்டும். பூசைப்பையைத் தோளில் மாட்டுங்கள். வெறுங்காலுடன் ஏறுவதால் சமதரை போன்ற பாறையில் பாதம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீர் கசியும் இடங்களில் கறுத்துத் தெரியும் பகுதியில் கால் வைக்கக் கூடாது, அது பாசி.

மலையில் இயற்கையான சுனைகள் உள்ளன. அவற்றில் நீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள். சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும், கால் கழுவுவதும், பூமாலைகளைப் போடுவதும் ஒருபோதும் வேண்டாம். அந்தக் குழிகளில் தேங்குவது மழைத்தண்ணீர்; கோடையில் புது நீர் வராது. இன்று கலந்த அழுக்கு அடுத்த மாரிவரை அங்கேயே கிடக்கும். குழந்தைகளைச் சுனை விளிம்பில் நிற்கவிடாதீர்கள்; விளிம்பு வழுக்கும், ஆழமும் கண்ணுக்குத் தெரியாது.

உச்சியில் வள்ளியம்மன் சந்நிதி. காற்று பலமாக அடிக்கும். கற்பூரத்தைக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஏற்றுங்கள். சுடர் அணைந்தால் அபசகுனம் என்று கலங்கிய ஒரு பெண்பிள்ளையை ஆறுதல்படுத்த நெடுநேரம் எடுத்தது. கடற்காற்றுக்கு எல்லோருடைய கற்பூரமும் அணையத்தான் செய்யும். இரண்டாவது கட்டியை வையுங்கள். ஏற்றிய கற்பூரத்தை எரியவிட்டுப் போகாதீர்கள், அணைந்ததைப் பார்த்த பின்னரே இறங்குங்கள். ஆடி மாதத்துக் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

உச்சியில் சிறிது நேரம் இருந்து கடலையும் காட்டையும் பாருங்கள். அங்குமட்டும் நான் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. படம் எடுப்பவர்கள் பாறை ஓரத்துக்குப் பின்னோக்கி நகர்வதை மட்டும் யாராவது கவனித்துக்கொள்ள வேண்டும்.

இறங்கும்போதுதான் விழுகிறார்கள்; ஏறும்போது விழுந்தவரை நான் கண்டதில்லை. சரிவில் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்குங்கள். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ஒருவர் கீழே முன்னால் நின்று தோள் கொடுக்கட்டும். பின்னாலிருந்து கையைப் பிடித்தால் இருவரும் சேர்ந்து சறுக்குவர்.

11. சாப்பாடும் குப்பையும்

இறங்கியதும் தண்ணீர், அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பாடு. குரங்குகளுக்குப் பயந்து வட்டமாக இருந்து உண்ணுங்கள். ஒருவர் தடியுடன் நின்றால் போதும், அடிக்க வேண்டாம். எஞ்சிய சோற்றைக் காட்டோரம் கொட்டினால் பன்றியும் யானையும் இரவில் அந்த இடத்தைத் தேடிவரும்; அதே இடத்தில்தான் அடியார்கள் படுத்துறங்குகின்றனர். எல்லாக் குப்பையையும் ஒரு சாக்கில் கட்டி ஊருக்கே கொண்டுவாருங்கள்.

12. திருவிழாவில் தங்குவோர்

தங்குவதாயின் பாய், நுளம்புவலை, மேலதிகத் தண்ணீர் ஆகியவை வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே இடம்பிடித்து, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியைப் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். இரவில் ரோச் லைற் இல்லாமலும் தனியாகவும் வளவை விட்டு விலகக் கூடாது. குழந்தைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய தாளை வையுங்கள். அன்னதானத்துக்குக் கொடுக்க விரும்புவோர் சமைத்த உணவைவிட அரிசி, பருப்பு, மரக்கறி, தண்ணீர் ஆகியவற்றை மடத்தில் ஒப்படைப்பது பயனுள்ளது. நீண்ட வழியில் வந்த சோறு வெயிலில் பழுதாகிப்போகும்.

13. அங்கிருந்து கதிர்காமத்துக்கு நடக்க எண்ணுவோர்

திருவிழாக் காலத்தையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் காட்டுவழி திறக்கப்படும். திறக்கும் நாளும் மூடும் நாளும் ஆண்டுதோறும் கூட்டம் கூடி முடிவுசெய்யப்பட்டு அறிவிக்கப்படும். சென்ற ஆண்டு நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். குமணையையும் கும்புக்கன் ஆற்றையும் யால காட்டையும் கடந்து கட்டகாமம் ஊடாகக் கதிர்காமம் சேர, பெரும்பாலானோருக்கு நான்கு முதல் ஆறு நாட்கள் செல்கின்றன.

உகந்தைக்கு வானில் வந்து, சாமிமார் “அரோகரா” என்று புறப்படுவதைக் கண்டு மனமுருகி, அப்படியே அவர்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கியவர்களை அறிவேன். அந்த உருக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் அப்படிச் செய்யாதீர்கள். ஊரில் ஒரு மாதமாவது தினமும் நடந்து பழகிய கால்களும், பல நாட்களுக்கான உலர் உணவும், அனுபவமுள்ள குழுவும் இல்லாதவரை மற்றவர்கள் சுமக்க நேரிடும். இந்த ஆண்டு அவர்களை வழியனுப்பிவிட்டு, எந்த ஊர்க் குழு, யார் தலைமை என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஊரிலிருந்தோ பாணமையிலிருந்தோ அவர்களுடன் சேர்ந்து நடக்கலாம்.

14. திரும்புதல்

பிற்பகல் மூன்று மணிக்கு வாகனம் நகர வேண்டும். நான்கு மணிக்குப் பாணமையைத் தாண்டிவிட்டால், பொழுதுபடும் நேரத்து யானை நடமாட்டத்துக்குள் அகப்படமாட்டீர்கள். இரண்டரைக்கே ஆட்களை எண்ணத் தொடங்குங்கள். கடற்கரைக்குப் போனவர்களைக் கூட்டிவர எப்படியும் அரை மணித்தியாலம் செல்லும். ஏதோ காரணத்தால் ஐந்து மணியைத் தாண்டிவிட்டால் புறப்பட வேண்டாம். கோயிலில் உள்ளவர்களிடம் சொல்லி அங்கேயே தங்கி, விடிந்த பின் வாருங்கள்.

பாணமையில் தொடர்பு கிடைத்ததும் வீட்டுக்கு அழைப்பெடுங்கள். பொத்துவிலில் தேநீர் குடித்து, சாரதியைச் சற்று ஆறவிட்டு, காலையில் தள்ளிவைத்த திருக்கோவில் தரிசனத்தை மாலைப் பூசையோடு முடித்துக்கொண்டால், இரவு ஒன்பது மணியளவில் மட்டக்களப்பை அடையலாம். வீட்டுக்கு வந்ததும் சீனி வருத்தம் உள்ளவர்களின் பாதங்களை வெளிச்சத்தில் வைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள். மறுநாள் காலையிலும் பாருங்கள்.